வடகரையில் ஒரு கரடி

படகுப் பயணிகளை எங்கள் ஆற்றுக்கு இழுக்க ஒரு வரைபடம் வேண்டுமென்று ஊர்ச் சங்கம் அந்த வேலையை என் தலையில் கட்டியது. ஆட்கள் வந்தால் அன்னுக்காவின் கடை பிழைக்கும். வராவிட்டால் கோடை முடிந்ததும் மூடிவிடுவாள். அப்புறம் ஒரு பால் பாக்கெட்டுக்கும் காரை எடுக்க வேண்டியதுதான்.

எங்கே இறங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று ஊராரைக் கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஹில்லாவால் வந்த வினை. சதுப்பில் விளையும் அந்தப் பொன்னிறப் பழத்தை யார் நிலத்திலும் யாரும் பறிக்கலாம் என்பது சட்டம். அதனாலேயே எங்கள் ஆட்கள் பறிக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள்.

"நம்ம கரையில கொசுதான் இருக்கு. எதிர்க்கரைக்காரங்களக் கேளு" என்றார் பக்கத்து வீட்டு வெய்க்கோ.

என் கணவர் ரெய்யோ மட்டும் லேசுப்பட்டவரா? "வடகரைய விட்டுடு துய்ரே. அங்க கரடி நடமாட்டம் இருக்கு."

வடகரையில்தான் என் சிக்கலும் இருந்தது. படகைக் கரையேற்ற உலர்ந்த மணல் மேடு ஆற்றிலேயே அங்கே ஒன்றுதான். கடைக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் மேட்டுக்குப் பின்னால் இருப்பது என் ஹில்லாச் சதுப்பு. ரெய்யோவுக்கே தெரியாது. வருஷா வருஷம் நான் போவதற்குள் பாதிப் பழம் காலியாகியிருக்கும். கரடியைத் திட்டிக்கொண்டே மிச்சத்தைப் பறிப்பேன்.

பாலமும் தேவாலயமும் மட்டும் வரைந்து அன்னுக்காவிடம் காட்டினேன்.

"இது வரைபடமா, கைக்குட்டையாடி?" என்று சிரித்தாள். பிறகு அலமாரியைக் காட்டினாள். "மாவு வேணும்னா இப்பவே எடுத்துக்க. இனிமே புதுசா வாங்கப் போறதில்ல."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் மணல் மேட்டில் ஒரு கூடாரம் வரைந்தேன்.

கடை மேசையில் வரைபடத்தை விரித்தபோது ஊரே அந்தக் கூடாரத்தின் மேல் குனிந்தது.

"அந்தச் சதுப்புப் பக்கம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வெய்க்கோ.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவர் மனைவி சைமி.

நான் ரெய்யோவைப் பார்த்தேன். காது வரை சிவந்திருந்தார்.

"கரடி, இல்ல?" என்றேன்.

"நீ மட்டும் ஏரிக்குப் பின்னாடி பறிக்கிறேன்னு சொல்லலையா?"

ஏலக்காய் பன் தட்டோடு வந்த அன்னுக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத அழிச்சிடு துய்ரே. கடை போனா போகட்டும்."

அவளுமா! சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கூடாரத்தை நான் அழிக்கவில்லை. பயணிகள் பின்பக்கம் போகாமல் இருக்கச் சதுப்பின் மேல் பெரிதாக ஒரு கரடியை வரைந்தேன். ஊரே கைதட்டியது.

அந்தக் கோடையில் அன்னுக்காவுக்குக் காபி ஊற்றி மாளவில்லை. வந்தவர்கள் எல்லோரும் தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கரடிச் சதுப்புக்கு எப்படிப் போக வேண்டும்?

ரெய்யோவும் நானும் இப்போது புது இடம் தேடிக்கொண்டிருக்கிறோம், தனித்தனியாக.