வியாழன் என்று அச்சான பட்டியல்

முப்பத்தோரு பேரும் எப்படி வியாழக்கிழமையில் வந்து சேர்ந்திருப்பார்கள்? ஒருத்தி கூடவா புதன்கிழமை வரவில்லை? இருக்காது. நான்தான் எதையோ தப்பாகப் பார்க்கிறேன். கண்ணாடியில் அழுக்காக இருக்கும்.

லோகநாயகி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள். பிரிண்டரிலிருந்து இறங்கிய தாளில் முப்பத்தோரு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 6-1-94, வியாழன். மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள்.

அந்தக் கம்பெனியில் புது ஆட்களை வியாழக்கிழமை எடுப்பதே கிடையாது. பல்லாவரத்தில் ரயில்வே லைனுக்கு மேற்கே, ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. முதலாளிக்குப் புதன்கிழமையில் அப்படியொரு நம்பிக்கை. புது மெஷின் வந்தாலும் புதன்வரை பெட்டியைப் பிரிக்க விடமாட்டார். தையலுக்கு வரும் பெண்களையும் புதன்கிழமை காலையில்தான் கேட்டுக்குள் விடுவார்கள். அவளேகூட ஒரு புதன்கிழமைதான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக உள்ளே வந்தாள்.

இதுவரை எந்தப் பட்டியலிலும் கிழமை அச்சானதில்லை. நாளை பதினோரு மணிக்கு லேபர் ஆபீஸில் விசாரணை. கிழமையும் இருந்தால் பட்டியல் பார்க்க நம்பிக்கையாக இருக்கும் என்று பர்சனல் மேனேஜர் கஸ்தூரிரங்கன் சொன்னதால்தான் இன்று சேர்த்தாள்.

வேலைக்கு எடுக்கும்போது கம்பெனி போடும் ஆர்டரில் ஒரு வரி உண்டு. இடைவிடாமல் ஆறு மாதம் வேலை செய்து முடித்தவர்கள் நிரந்தரம். அந்த வரி யாருக்கும் பலித்ததில்லை. ஆறு மாதம் முடிவதற்கு முன்னாலேயே கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோல, ஒரு புதன்கிழமை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். இதற்கு ‘பிரேக்’ என்று பெயர். எட்டு வருஷமாகத் தைக்கிற பெண்கள்கூட அந்தக் கம்பெனியில் ஆறு மாதம் முடித்ததில்லை.

யாரை என்றைக்கு அனுப்பவேண்டும் என்று முன்பெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை வைத்துப் பார்த்தார்கள். ஏப்ரலிலிருந்து லோகநாயகி பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ப்ரோக்ராம் அதைச் சொன்னது. ஜனவரியில் சேர்ந்த இந்த முப்பத்தோரு பேர்தான் ப்ரோக்ராம் சொல்லி அனுப்பிய முதல் கூட்டம். ஜூலை நான்காம் தேதி, திங்கட்கிழமை மாலை, கடிதம் கொடுத்தார்கள். அதில் சேர்ந்த தேதி ஜனவரி ஆறு என்று இருந்தது. வழக்கம்போல வாங்கிக்கொண்டு போகாமல், எங்களுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது என்று அவர்கள் லேபர் ஆபீஸுக்குப் போய்விட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி காந்திமதி. பம்மலிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவள். போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் லோகநாயகியைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, அஞ்சாந் தேதி பொதங்கெழமதான்க்கா உள்ள வந்தோம். நீ இன்னாடான்னா ஆறாந் தேதின்னு போட்டுக்கீற.”

கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது, அது பொய் சொல்லாது என்று லோகநாயகி சொன்னாள். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னாள்.

“அது சொல்லாதுக்கா. அதுக்கு இன்னா, வவுறா கீது?” என்று காந்திமதி சிரித்தாள். கூட இருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “எட்டு வருசம்க்கா. இந்த ஒரு தபாதான் முழுசா முடிச்சிக்கீறோம்” என்றாள்.

அந்தக் குரல் இப்போது பட்டியலுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. லோகநாயகி தாளை மடித்து டிராயரில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் அவள். அப்படி இழுக்கும்போதெல்லாம் பூட்டு பூட்டியே இருந்திருக்கிறது. இன்றைக்கு அது கையோடு வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனபிறகு, ஸ்டோர் ரூம் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைப் போட்டாள். பழைய ஷீட் இருந்த ஃப்ளாப்பியைச் செருகினாள். காந்திமதியின் பெயருக்கு எதிரே 5 ஜனவரி 94 என்று இருந்தது. உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்தாள். 34339. இதே எண்ணைத்தான் அவள் ப்ரோக்ராமும் வாங்கிக்கொண்டது. அங்கே அது ஐந்தாம் தேதி. இங்கே ஆறாம் தேதி.

அந்த ஷீட் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1900 ஜனவரி ஒன்றை ஒன்று என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து நாள்களை எண்ணிக்கொண்டே வரும். இது அவளுக்குத் தெரியும். ப்ரோக்ராமிலும் அதே நாளிலிருந்துதான் எண்ணியிருந்தாள். அப்படியானால் தொண்ணூற்று நான்கு வருஷத்தில் எங்கோ ஓர் இடத்தில் இரண்டில் ஒன்று கால் தவறியிருக்கிறது. காலியான ஒரு கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டு அதைத் தேதியாக மாற்றச் சொன்னாள். பத்தாயிரம், ஆயிரம், நூறு என்று குறைத்துக்கொண்டே வந்து அறுபது என்று போட்டபோது திரையில் 29 பிப்ரவரி 1900 என்று வந்தது.

அப்படி ஒரு நாள் உலகத்தில் இருந்ததே இல்லை. நூற்றாண்டு வருஷம் நானூறால் வகுபட்டால்தான் லீப் வருஷம். தாம்பரத்தில் மாடிப்படிக்கு மேலிருந்த இன்ஸ்டிட்யூட்டில் அவள் முதலில் எழுதிய ப்ரோக்ராமே அதுதான். அந்த விதியை ஒழுங்காகப் போட்டுத்தான் இதையும் எழுதியிருந்தாள். ஷீட் இல்லாத நாளையும் சேர்த்து எண்ணியது, அவள் எண்ணவில்லை. அதனால் ஜனவரியில் சேர்ந்தவர்கள் எல்லாரையும் அவளுடைய ப்ரோக்ராம் ஒரு நாள் தள்ளி உட்கார வைத்துவிட்டது. அந்தத் தப்பான தேதியிலிருந்து ஆறு மாதத்தை எண்ணியதோ இந்த வருஷத்துக் காலண்டர்படி. அதில் பிசகு இல்லை.

அவள் சோதித்துப் பார்க்காமலில்லை. மார்ச் மாதம் ப்ரோக்ராமிடம் தன் பிறந்த தேதியைக் கொடுத்தாள், எண் வந்தது. அந்த எண்ணைக் கொடுத்தாள், பிறந்த தேதி வந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது அன்றைக்கு. தன்னையே கேட்டுத் தனக்கே தலையாட்டிக்கொண்டதற்குச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறாள். பழைய ஷீட்டைப் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு பெயரை ஒப்பிட்டிருந்தால் போதும்.

விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். ஐந்தாம் தேதி சேர்ந்தால் ஜூலை நான்காம் தேதி மாலையோடு ஆறு மாதம். சனிக்கிழமை இரண்டாம் தேதியே அவர்களை அனுப்பியிருக்கவேண்டும். ப்ரோக்ராம் திங்கட்கிழமையும் வரச் சொன்னது. அவர்களும் வந்து, மணி அடிக்கிறவரை தைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முப்பத்தோரு பேருக்கும் ஆறு மாதம் முடிந்துவிட்டது. முடித்து வைத்தவள் லோகநாயகி. அதை நினைத்தபோது வந்தது சந்தோஷமா பயமா என்று ஒரு கணம் அவளுக்கே பிடிபடவில்லை. மறுகணம் பயம்தான் என்று தெரிந்தது.

தப்பைச் சொல்லிவிட்டால் திருத்திவிடுவார்கள் என்றுதான் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வேறு வழி தெரியாது. கண்ணாடித் தம்ளரை உடைத்தால் அடி விழுமுன் தானே போய்ச் சொல்லிவிடுவாள்.

கஸ்தூரிரங்கன் குறுக்கே பேசாமல் கேட்டார். அறுபது என்ற எண்ணைச் சொன்னபோது மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை வேற யார்கிட்ட சொன்னே?”

“யார்கிட்டயும் இல்ல சார்.”

“பழைய ஃப்ளாப்பி?”

“என்கிட்டதான் இருக்கு சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. உள்ளே வருகிறவர்களைக் குறித்துவைக்கும் ஜனவரி மாதத்துக் கேட் ரெஜிஸ்டர் வெள்ளையடிக்கும்போது எங்கோ போய்விட்டது என்றார். ஆர்டர் காப்பி எந்தப் பெண்ணிடமும் கிடையாது, அது அவளுக்கே தெரியும் என்றார். லேபர் ஆபீஸருக்கு முன்னால் இருக்கப்போவது கம்ப்யூட்டர் பட்டியல் ஒன்றுதான். அசல் ரெஜிஸ்டரைப் பார்த்துத் தயாரித்தது, தேதிகள் சரி என்று அதன் கீழே ஆபரேட்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். காலையில் ஃப்ளாப்பியையும் கொண்டுவந்து கொடுத்துவிடவேண்டும்.

“தப்பு உன்னுதும்மா. மொதலாளிகிட்ட நான் இதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசி. நான் சொல்லப்போறதில்ல. உன்னக் காப்பாத்தத்தான் பாக்கறேன்” என்றார். குரலில் உண்மையாகவே பரிவு இருந்தது. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

மாலை ரயிலில் பெருங்களத்தூர் வரும்வரை ஃப்ளாப்பி இருந்த கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். தாம்பரத்தில் கூட்டம் இறங்கியபோது காந்திமதியைப் போல ஒரு பின்னல் தெரிந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரைக் கண்டு ஒளிகிறேன் என்று கேட்டுக்கொண்டாள். மேனேஜரையா, அந்தப் பெண்ணையா? இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் பயமாக இருந்தது.

வீட்டில் கணவன் பாலகுருவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்லவன்தான். சாதத்தைப் பிசைந்தபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு நாளில் என்ன வந்துவிடப்போகிறது, இரண்டு வாரம் போனால் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தானே போகிறார்கள், கையெழுத்தைப் போட்டுவிட்டு வா என்றான். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. தட்டைக் கழுவும்போது யோசித்துப் பார்த்தாள். இதுவரை அவள் செய்தது தெரியாமல் செய்தது. அந்த ஒரு வார்த்தைதான் இந்த மதியத்திலிருந்து அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாளை கையெழுத்துப் போட்டால் அது போய்விடும். பிறகு பூட்டை எத்தனை தடவை இழுத்துப் பார்த்தாலும் சமாதானம் வராது.

இதைத் தைரியம் என்று அவள் நினைக்கவில்லை. பெரிய பயத்துக்குப் பயந்து சின்னப் பயத்திடம் போவதாகத்தான் தோன்றியது. எது பெரியது என்பது காலைவரை மாறிக்கொண்டே இருந்தது.

ஒன்பதரை மணிக்கு அவள் உள்ளே போனபோது கஸ்தூரிரங்கன் தாளைத் தயாராக வைத்திருந்தார். பட்டியலின் அடியில் நான்கு வரி டைப் அடித்திருந்தது. அவள் பெயரும் அடித்திருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. கேட்டுக்கு வெளியே அந்தப் பெண்கள் லேபர் ஆபீஸ் போகும் பஸ்ஸுக்காகக் கூடியிருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் ஜன்னல் வழியாகக் கேட்டன. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பேனாவின் மூடியைத் தானே கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

லோகநாயகி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு வரியையும் படித்தாள். தாளை மேஜைமேல் வைத்து, சுருங்கிய ஓரத்தை நீவி, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாது சார்.”

குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். பேனா அப்படியே நின்றது.

“அந்த ஃப்ளாப்பியயாவது குடுத்துட்டுப் போ” என்றார்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். ஃப்ளாப்பி இருந்த கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.