நானூற்றுப் பதிமூன்றாவது கிணறு

அந்தக் காலத்தில் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் வேங்கடேசனை விட்டால் வேறு ஆள் கிடையாது. எண்பத்தெட்டு ஜூலையில் திண்டிவனத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று அவனைக் கூப்பிட்டு அனுப்பியது. சுற்றுப்பட்டுக் கிணறுகளையெல்லாம் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். திடீரென்று ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது.

காலை பஸ்ஸில் போய் இறங்கி, பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை வெளியே எடுத்தான். கரண்ட் கொடுத்தும் உள்ளே தட்டு சுற்றவில்லை. காதோரம் வைத்துக் கேட்டால், எழுந்திருக்க முடியாத ஆள் மாதிரி முனகிக்கொண்டிருந்தது. படிக்கிற முனை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினான். சுற்ற ஆரம்பித்தது.

"எவ்ளோ நேரம் ஓடும்னு சொல்ல முடியாது மேடம். ஜல்தியா ஃப்ளாப்பி எடுத்துக் குடுங்க."

டைப் செய்யும் லூர்துமேரி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். மதியத்துக்குள் கிணற்றுக் கணக்கு பெரும்பாலும் ஃப்ளாப்பிக்கு வந்துவிட்டது. அவள் தன் நோட்டை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"மொத்தம் நானூத்திப் பன்னெண்டு கெணறு சார். இதுல நானூத்திப் பதிமூணு காட்டுது."

கடைசிக் கிணறு பிரம்மதேசம் பக்கம், துரைக்கண்ணு கொல்லை. ஆழம் ஐம்பத்தெட்டு அடி, தண்ணீர் இரண்டடி. குறிப்பு என்ற இடத்தில் மற்றக் கிணறுகளுக்கு உப்பு, நல்ல தண்ணீர் என்று இருந்தது. இதற்கு மட்டும், தமிழை இங்கிலீஷ் எழுத்தில், 'ஆள் இருக்கு' என்று இருந்தது.

"இத நான் அடிக்கல சார். ரூம் சாவியும் என்கிட்டதான் இருக்குது."

"அப்ப யாரு அடிச்சது?"

அவள் நோட்டை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். கிணறு அளந்து சீட்டு எழுதி வருவது மாரியப்பன். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை அளக்கப் போனவர் திரும்பவே இல்லை. எவளையோ இழுத்துக்கொண்டு பம்பாய் போய்விட்டார் என்று ஊரே பேசியது.

"தமிழை இப்டி இங்கிலீஷ்ல எழுதறது அவரு ஒருத்தர்தான் சார்."

ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். கொல்லையில் மல்லாட்டைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த துரைக்கண்ணு கிணறு என்றதும் கையைக் காட்டினார்.

"அது பாழுங்கெணறுங்க. பங்குனி கடைசில ஆடு ஒண்ணு உள்ள உழப் பாத்துது. அன்னையிலேர்ந்து முள்ளு வெட்டிப் போட்டு மூடி வச்சிக்கிறேன். கிட்ட யாரும் போறதில்ல."

"மூடறப்ப உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

"எதுக்குங்க பாக்கணும்?"

முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு வேங்கடேசன் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். வெயில் உள்ளே கொஞ்ச தூரம்தான் இறங்கியது. கண் பழகியதும், தண்ணீர் வற்றிய சேற்றில் வெள்ளைச் சட்டை ஒன்று தெரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் தீயணைப்புக்காரர்கள் எலும்பும் சட்டையுமாக மேலே தூக்கினார்கள். அளவு நாடா இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

அடுத்த வாரம் புது டிஸ்க் மாட்டப் போனபோது ஆபீஸ் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். மாரியப்பன் மனைவி முனியம்மாள்.

"நீங்கதான் கண்டுபிடிச்சதா சார்? நாலு மாசமா நானும் அந்த மனுசன வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு கெணத்துக்கும் தேதி போட்டிருக்குதாமே. என்னா தேதி சார்?"

அந்தக் குறிப்பு ஏறிய தேதியை வேங்கடேசன் தனியாக இருந்தபோது பார்த்திருந்தான். அவர் காணாமல் போன வியாழன் அல்ல, அதற்கடுத்த திங்கட்கிழமை. அதை அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை, லூர்துமேரியிடம்கூட.

"அந்த எடம் மட்டும் அழிஞ்சி போச்சும்மா."

"உழுந்த ஒடனே உயிரு போயிருக்கும் இல்ல சார்?"

"ஒடனே போயிருக்கும்மா."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். அவன் உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். புது டிஸ்க்கின் முதல் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தான்.