எட்டாயிரம் அடியில் ஒரு வீடு

தையல்காரரின் மகள் விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கிவந்த மாலையிலிருந்து அவர்கள் வீடு எட்டாயிரம் அடி உயரத்தில் இருந்தது. வீடு நகரவில்லை. கீழே மருந்துக்கடை, மேலே மூன்று அறைகள், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. உள்ளே இருந்த காற்றுக்கு மட்டும்தான் அந்த உயரம். வாசலைத் தாண்டியவர்களுக்குக் காது அடைத்தது. அலமாரியில் சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பின. டீ தளதளவென்று கொதித்தும் சூடு பத்தவில்லை. தையல்காரர் வாயை அகலத் திறந்து காதைச் சரிசெய்துகொண்டு மெஷினில் உட்கார்ந்தார். அம்மா உருளைக்கிழங்கை வேகவைக்கக் குக்கரை எடுத்தாள். எவ்வளவு மேலே பறந்தாலும் பயணிகள் விமானத்துக்குள் இருப்பது இந்த உயரத்துக் காற்றுதான் என்று மகள் சொன்னாள். காரணம் தெரிந்துவிட்டதால் யாரும் மேற்கொண்டு அதைப் பற்றிப் பேசவில்லை.

வந்தவர்கள் கேட்டதெல்லாம் சம்பளத்தைப் பற்றித்தான். "பைலட்டுன்னா லட்சக்கணக்குல கொட்டுமாமே?" என்றாள் அத்தை, மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொண்டு.

"கேப்டனுக்குக் கொட்டும் அத்தை. பக்கத்து சீட்டுக்கு அதுல பாதிகூட வராது. அந்த சீட்டுலயும் முதல்ல யாராவது உக்கார வைக்கணும்."

"இருநூறு மணி நேரம் பறந்தியே, பத்தாதா?"

"லைசென்ஸுக்குப் பத்தும், வேலைக்குப் பத்தாது. எங்க விமானத்துக்குன்னு தனியா உன் காசுல பயிற்சி எடுத்துட்டு வான்னு ஒவ்வொரு கம்பெனிலயும் சொல்றாங்க."

"அதாவது, பஸ் இல்லாத டிரைவர்னு சொல்லு" என்றாள் அத்தை.

வருடங்கள் போயின. ஒரு நிறுவனம் ஆள் எடுப்பதாக அறிவித்துவிட்டு மூடிக்கொண்டது. இன்னொன்று தேர்வு வைத்து, தேறியவர்களைக் காத்திருக்கச் சொல்லி, அப்படியே மறந்துபோனது. பறக்காத விமானியும் வருடா வருடம் கண், காது, இதயமெல்லாம் காட்டித் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். மகள் தவறாமல் வாங்கினாள். "என்னம்மா ஆச்சு?" என்று அப்பா கேட்டால், "பாக்கலாம்பா" என்பாள். ஒவ்வொரு "பாக்கலாம்"க்கும் வீடு கொஞ்சம் ஏறியது. உயரம் காட்டும் கைக்கடிகாரம் அவளிடம் இருந்தது. அதைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். பன்னிரண்டாயிரத்தில், அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வர அம்மா நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்கு இறங்கினால் மூச்சு சரியாகிவிடும். ஒன்று அம்மா அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் மகள் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உயரம் அதனால்தானோ என்று மகள் லைசென்ஸை அத்தை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு, விமான டிக்கெட் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தை வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. இங்கே பதினாலாயிரம் ஆனது. அந்த வாரக் கடைசியில் அவள் பெட்டி கட்டினாள்.

நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. "ஏண்டி, நிஜ விமானத்தை எப்படி இறக்குவாங்க? பொசுக்குன்னா?"

"இல்லம்மா, மெதுவாத்தான். இறங்கப் போறோம், பெல்ட்டைப் போட்டுக்கோங்கன்னு முதல்ல பயணிகளுக்குச் சொல்லுவாங்க."

"நீ சொன்னியா?"

மகள் பெட்டியைத் தள்ளி வைத்தாள். பயிற்சி விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இருப்பார், இல்லாவிட்டால் அது காலியாக இருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பயணி என்று ஒருவர்கூட அவளோடு ஏறியதில்லை. இப்போது இரண்டு பேரை ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், வருடக்கணக்காக ஏறிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கூடத்தின் நடுவில் வந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "வணக்கம், உங்க பைலட் பேசறேன். நாம பதினாலாயிரம் அடியில இருக்கோம். எனக்கு இன்னும் வேலை கிடைக்கல. எப்போ கிடைக்கும்னும் தெரியல. இப்போ இறங்க ஆரம்பிக்கறோம். தயவுசெஞ்சு உக்காருங்க."

தையல்காரர் அளவு நாடாவை இடுப்போடு நாற்காலியில் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார். "சாப்பாடு உண்டா?" என்று கேட்டார். "இந்த விமானத்துல இல்லப்பா" என்றாள் மகள். சிப்ஸ் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. எல்லாருக்கும் காது வலித்தது, பிறகு திறந்தது. தெருவின் சத்தம் முழுசாகக் கேட்டது. அம்மா எழுந்து, எங்கும் உட்காராமல் அடுப்படிவரை போய் டீ போட்டாள். அது அப்பாவின் நாக்கைச் சுட்டது.

அடுத்த வருடம் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டுத் தன் செலவிலேயே பயிற்சி கொடுத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தது. நேர்முகத் தேர்வில் அவள் நுழைந்ததும் அதிகாரிகள் மூன்று பேரும் காது அடைத்து எச்சில் விழுங்கினார்கள், காரணம் கேட்கவில்லை. சம்பளத்தைக் கேட்ட அத்தைக்குத்தான் ஏமாற்றம்.

அவள் வேலைக்குப் போன நாட்களில் வீடு தரையில் இருக்கும். வந்தால் எட்டாயிரம் ஏறும். வாசலிலேயே நின்று அறிவித்துவிட்டு இறக்குவாள். மருந்துக்கடைக்காரர் படிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் புதினா மிட்டாய் வைத்திருக்கிறார், மாடிக்குப் போகிறவர்களின் காதுக்காக. தெருமுனையில் அவள் பெட்டியின் சக்கரம் தடதடக்கும்போதே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள். தையல்காரர் தைப்பதை நிறுத்திவிட்டு நாடாவைத் தேடுவார்.