ஒன்றுகூடும் இடம்

சுஹைராவின் கால் போனதற்கு நிலநடுக்கத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். அன்றைய நடுக்கம் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த ஒரு கோப்பையைக்கூட உடைக்கவில்லை. எங்கள் ஊர் பாலையூற்றில் பாதிப் பேர் நிலம் ஆடியதை ரேடியோ சொல்லித்தான் அறிந்தார்கள். கால் போனது ஒரு பச்சைப் பலகையால். அதை நட்டவர்கள் இன்றைக்கும் இரண்டு காலோடு நன்றாகத்தான் நடந்து திரிகிறார்கள்.

துறைமுகக் குடாவின் கரையில் இருக்கிறது எங்கள் நண்டுக் கம்பனி. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற நண்டை அவித்து, சதை எடுத்து, பேணியில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புவதுதான் வேலை. செய்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். சதை எடுக்கிற மேசைகளுக்கு நான் பொறுப்பு; என் பெயர் அருள்மலர். வெறும் பேணிகளும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும் களஞ்சியத்துக்குச் சுஹைரா பொறுப்பு. அங்கே அவள் தனி ஆள். கிண்ணியாக்காரி, மெலிந்த உடம்பு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். காலையில் புருஷன் சஜீத் தன் ஓட்டோவில் கொண்டுவந்து விடுவான், பின்னேரம் வந்து ஏற்றிப் போவான்.

அமெரிக்காவில் நண்டு வாங்குகிறவர்களுக்குத் திடீரென்று எங்கள் உயிர்மேல் அக்கறை வந்தது. நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வீர்கள், திட்டத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்களாம். கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஏசி அறையை விட்டு அதிகம் வெளியே வராமல் ஒரு திட்டம் போட்டார். அநியாயம் சொல்லக்கூடாது, களஞ்சியத்தில் பேணி அடுக்குகிற, தொட்டாலே ஆடும் உயர இரும்பு இறாக்கைகளைச் சுவரோடு ஆணி அடித்து இறுக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். சுவரைத் துளைத்தால் உள்ளே இருக்கிற குளிர்காப்புப் பஞ்சு கெட்டுப்போகும், அதைப் பிறகு பார்ப்போம் என்றார் மனேஜர் மெல்ரோய். ஆணிக்குப் பதிலாக இறாக்கைகளுக்கு முன்னால் நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள்.

நடுக்கம் நின்றதும் எல்லோரும் போய் நின்று பெயர் கொடுக்கும் இடத்துக்கு 'ஒன்றுகூடும் இடம்' என்று பெயர். கம்பனி வளவுக்குள் திறந்த வெளி என்று இருந்தது ஜெட்டிக்குப் பக்கத்துச் சீமெந்து முற்றம் மட்டும்தான். பச்சைப் பலகையை அங்கே நட்டார்கள். பின்னால் நீலக்கடல், படம் எடுத்தால் நல்ல வடிவாக வரும்.

எங்கள் ஊரில் நிலம் ஆடினால் யாராவது கடலடிக்குப் போய் நிற்பார்களா? கடல் ஊருக்குள் வந்த அந்த வருடத்துக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கும் அது தெரியும். வீதிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மேடு இருக்கிறது, பலகையை அங்கே நடுங்கள் என்று நாங்கள் கூட்டத்தில் கேட்டோம். அது கம்பனிக் காணி இல்லை, பள்ளிக்கூட அதிபரிடம் அனுமதி கேட்க வேண்டும், திட்டம் ஏற்கெனவே அமெரிக்காவுக்குப் போய்விட்டது என்று மெல்ரோய் சேர் ஒவ்வொன்றாக அடுக்கினார். சுஹைரா எழும்பி நின்றாள். கடல் தன் உம்மாவைக் கொண்டுபோனபோது அவளுக்குப் பள்ளிக்கூட வயது.

“சுஹைரா, இது சுனாமிக்குப் போட்ட பிளான் இல்லை. நிலநடுக்கத்துக்குப் போட்டது. ரெண்டும் வேற வேற” என்றார் மெல்ரோய் சேர்.

“அது கடலுக்குத் தெரியுமா சேர்?” என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் வரும்போதெல்லாம் ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் மேசைக்குக் கீழே போய்த் தலையை மூடிக்கொள்வோம், பிறகு சோடி சோடியாக ஜெட்டிக்கு நடப்போம். மெல்ரோய் சேர் பெயர் வாசிக்க, ஓம் ஓம் என்போம். நிற்பது கடலடியில் என்றாலும் எங்கள் முகம் தானாகவே மேட்டுப் பக்கம் திரும்பிவிடும். படம் எடுக்கிறவர் வந்து எங்களைக் கடல் பக்கம் திருப்பி விடுவார்.

உண்மையான நடுக்கம் ஒரு முற்பகலில் வந்தது. மேசையில் நண்டு குவிந்திருந்த நேரம். தண்ணீர்ச் சட்டி தானாகத் தளும்பியது, விளக்குகள் அணைந்தன. பழகியபடியே மேசைக்குக் கீழே போனோம். அதற்கு மட்டும் ஒத்திகைக்கு நன்றி சொல்வேன். நடுக்கம் நின்றதும் வெளியே வந்தோம். வாசலில் இடது பக்கம் திரும்பினால் ஜெட்டி, வலது பக்கம் திரும்பினால் கேற்றும் வீதியும். ஒரு பெண்கூட இடது பக்கம் திரும்பவில்லை. ஏப்ரனோடும் தொப்பியோடும் முழங்கால்வரை பூட்சோடும் கேற்றைத் தாண்டிப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினோம். அங்கிருந்து அவரவர் தங்கள் பிள்ளைகளைத் தேடிப் போனோம். நான் கிடைத்த ஓட்டோவில் ஏறி என் மகள் நதீஷாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போனது பிழை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஜெட்டியில் மெல்ரோய் சேரும் கந்தோரில் கணக்கு எழுதுகிற இரண்டு பேரும் மட்டும் பெயர்ப் பட்டியலோடு நின்றார்களாம். வாசித்தால் ஓம் சொல்ல ஆளில்லை. அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாசலில் நின்று ஒருமுறை, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டாராம். கூப்பிட்டிருப்பார். களஞ்சியம் இரண்டு தடித்த கதவுகளுக்கு அப்பால் இருந்தது. உள்ளே அவித்த நண்டு கிடக்கிறது, கவனம் என்று கதவுகளைப் பூட்டுவித்து, திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு இறாக்கை பேணிகளோடு சுஹைராவின்மேல் சரிந்திருந்தது. மஞ்சள் கோடு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அவள் யாரையும் போனில் கூப்பிட வழியில்லை. எங்கள் கம்பனியில் வேலைத்தலத்துக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, சுத்தம் கெட்டுவிடுமாம். கேற்றடியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. காலையில் அதற்குள் போட்டால் வேலை முடிந்துதான் எடுக்கலாம். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. புருஷன்மாரும் தாய்மாரும் ஒரே நேரத்தில் கூப்பிட, பெட்டிக்குள் எல்லாப் போன்களும் சேர்ந்து அடித்தன. காவலுக்கு நின்ற கலீலுர் றஹ்மான் நானாவுக்கு எதை எடுத்து யாருக்குப் பதில் சொல்வதென்று விளங்கவில்லை.

மத்தியானம், கடலால் ஆபத்தில்லை என்று ரேடியோ சொன்னது. பெண்கள் ஒவ்வொருவராகப் போன் எடுக்கத் திரும்பி வந்தார்கள். மகளை வீட்டில் விட்டுவிட்டு நான் வந்து சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எனக்குப் பின்னால் என் மேசைக்காரி ஜெஸ்மின் வந்து தன்னுடையதை எடுத்தாள். பெட்டிக்குள் ஒரு போன் மிஞ்சியது. அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது.

“இதுக்குரிய ஆள் மட்டும் இன்னும் வரல்லையே பிள்ளை” என்றார் றஹ்மான் நானா.

ஊதா நிற உறை. சுஹைராவின் போன். எடுத்தேன், சஜீத்.

“அக்கா, சுஹைரா உங்களோடயா நிக்கிறா?”

அவன் மேட்டில் தேடி, அவளுக்கு மூத்த ராத்தா வீட்டில் தேடி, கிண்ணியாவுக்குப் போய்த் திரும்பியும் வந்திருக்கிறான். எங்களோடு நிற்கிறாள் என்று அவன் நினைத்தான். களஞ்சியத்தில் தனி ஆள், நெரிசல் இல்லை, எங்களுக்கு முதலே ஓடியிருப்பாள் என்று நாங்கள் நினைத்தோம். எங்கேயாவது ஓரிடத்தில் எல்லோரும் ஒன்றாக நின்றிருந்தால் ஒருத்தி குறைகிறாள் என்று அப்போதே தெரிந்திருக்கும். கடைசியில் எங்கள் தலையை எண்ணியது அந்தப் போன் பெட்டிதான்.

மெல்ரோய் சேருக்குப் போன் எடுத்தோம், பதில் இல்லை. றஹ்மான் நானா திறப்புக்குக் காத்திருக்கவில்லை. அலவாங்கால் பூட்டை உடைத்தார். கம்பனிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக அவரைப் பிறகு கூப்பிட்டு எச்சரித்தார்கள்.

டோர்ச் வெளிச்சத்தில் சுஹைராவைக் கண்டோம். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தாள். இடது கால் இரும்புக்குக் கீழே இருந்தது. நான் குனிந்து தலையைப் பிடித்தேன்.

“கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப் போச்சு அக்கா” என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “இண்டைக்குப் பேர் வாசிக்கல்லையா?”

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சஜீத்திடம் சொன்னார். அவன் அதை என்னிடம் சொன்னான். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அடுத்த கிழமை கூட்டம் வைத்தார்கள். சொன்னபடி நாங்கள் ஜெட்டிக்கு வந்திருந்தால் சுஹைரா இல்லை என்பது உடனே தெரிந்திருக்கும் என்றார் மெல்ரோய் சேர். கடல் வந்ததா, வரவில்லையே என்றும் கேட்டார். அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. வேலை போனாலும் போகட்டும் என்று எழும்பினேன்.

“பலகை மேட்டில நிண்டிருந்தா நாங்கள் எல்லாரும் அதுக்குக் கீழதான் நிண்டிருப்பம் சேர். நீங்கள் வந்து பேர் வாசிச்சிருந்தாப் போதும்.”

அவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

சில மாதம் கழித்துச் சுஹைராவைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். கம்பனியின் பெரிய மனது என்று கந்தோரில் கதைத்துக்கொண்டார்கள். கேற்றடியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை, பக்கத்தில் ஊன்றுகோல். இலகு வேலை கொடுத்தார்களாம்: போன் பெட்டிக்குக் காவல். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அவளை உட்கார்த்த அவர்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.

பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி பார்வையிட வந்தார். மணி அடித்தது, மேசைக்குக் கீழே போனோம், சோடி சோடியாக ஜெட்டிக்கு நடந்தோம். பலகைக்குப் புதுச்சாயம் பூசியிருந்தார்கள். மெல்ரோய் சேர் பெயர் வாசித்தார். சுஹைராவின் பெயர் வந்தபோது யாரும் ஓம் சொல்லவில்லை. அவளைத் தூக்கி வருவது யார் என்று திட்டத்தில் ஓரிடத்திலும் இல்லை. அவள் கேற்றடிக் கதிரையில் இருந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேற்றில இருக்கிறாதானே. வந்த மாதிரித்தான்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார்.

“சுஹைரா வரேல்லை சேர்” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். அந்தப் பெண்மணி என்ன என்று கேட்க, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் வரிசையை விட்டு விலகிக் கேற்றுக்கு நடந்தேன். ஜெஸ்மின் பின்னால் வந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஜெட்டியில் ஒருவரும் இல்லை, எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். விசர் வேலை பார்க்காதீர்கள், வேலை போகும் என்று சுஹைரா ஏசினாள். ஏசட்டும் என்று கதிரையோடு தூக்கினோம். வீதியைக் கடந்து, படியேறி, பள்ளிக்கூட மேட்டில் கொண்டுபோய் இறக்கினோம். பெண்மணி மூச்சிரைக்க எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தார். மெல்ரோய் சேரும் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். தொழிலாளரோடு கலந்து பேசி நாங்கள் யோசித்திருக்கிற புதிய பாதை இது என்று அவரிடம் சொன்னார். எனக்கு விளங்குகிற அளவு ஆங்கிலத்தில்தான் சொன்னார். பெண்மணி கைதட்டினார்.

கொஞ்ச நாளில் பச்சைப் பலகை மேட்டுக்குப் போய்விட்டது. அதிபரிடம் அனுமதி கேட்டார்கள், அன்றைக்கே கொடுத்தார். இறாக்கைகளுக்கும் ஆணி அடித்தார்கள், பஞ்சு கெடவில்லை. இந்த வருடக் கம்பனிக் கலண்டரில் நாங்கள் சுஹைராவைக் கதிரையோடு தூக்கிப் போகிற படம் இருக்கிறது. கீழே, நாங்கள் ஒரே குடும்பம் என்று எழுதியிருக்கிறது. அதை வீட்டில் மாட்ட வேண்டாம் என்று நதீஷாவிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு ஒத்திகைக்கும் நாங்கள்தான் சுஹைராவைத் தூக்குகிறோம். போகும்போது அவரவர் போனையும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். போன ஒத்திகை முடிந்து கீழே கொண்டுவந்து இறக்கியபோது, கவலைப்படாதே, எப்ப ஆடினாலும் உன்னை விட்டிட்டுப் போகமாட்டம் என்றேன். அவள் பெட்டியின் மூடியைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை.

“உண்மையா ஆடினா நீங்க புள்ளைகளிட்டத்தான் ஓடுவீங்க அக்கா. கால் இருந்திருந்தா நானும் அப்படித்தான் ஓடியிருப்பன்.”

வேலைக்கு மணி அடித்தது. என் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தன் போனுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைச் சாத்தினாள்.