கேட்டில் தொங்கிய வெள்ளைத் துண்டு

பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே தையற்காரர் மனைவியிடம் சத்தியம் வாங்கிவிட்டார். வெறும் வாய்ச் சத்தியம் இல்லை, தன் தலைமேல் அவள் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வாங்கிய சத்தியம். போகிற இடத்தில் தான் ஒரு நர்ஸ் என்று அவள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

மனுஷனைக் குற்றம் சொல்லவும் முடியாது. கல்யாணமான புதிதில் மலை பார்க்கக் கிளம்பினார்கள். ரயிலில் பக்கத்துப் பெட்டியில் ஒருத்திக்குப் பிரசவ வலி. மலையும் போயிற்று, மடித்து வைத்திருந்த புதுச் சட்டையும் குழந்தையைச் சுற்றப் போயிற்று. பிறகொரு தடவை கடற்கரை. அலையில் கால் நனைப்பதற்குள் யாரோ ஒரு பெரியவர் தொப்பென்று மயங்கி விழுந்தார். இவர்கள் வரட்டும், விழலாம் என்று ஊர் ஊராக ஆட்கள் காத்திருப்பார்களோ என்று தையற்காரருக்குச் சந்தேகமே உண்டு.

போன மாதம்தான் அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றாள். அப்பாடா, இனி இவள் எனக்கு என்று மனுஷன் உள்ளுக்குள் துள்ளினார். துள்ளி முடிப்பதற்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து, மூன்று வருஷத்துக்குத் தலைமை நர்ஸாக வாங்க என்று கூப்பிட்டுவிட்டார்கள். ராத்திரி டியூட்டியும் உண்டு. திங்கட்கிழமை காலையில் போன் செய்வார்கள், சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். 'வேண்டாம்' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்தே வர வேண்டும் என்பது இவர் ஆசை. நேராகக் கேட்கத் தைரியம் கிடையாது. அமைதியான இடமாகப் பார்த்து இரண்டு நாள் தங்கினால் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம் என்றுதான் இந்தப் பயணமே.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். போனில் படம் பார்த்தார். வெள்ளையடித்த பழைய வீடு, தோட்டம், ஊஞ்சல் நாற்காலி. பார்த்த மாத்திரத்தில் அறை எடுத்துவிட்டார். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை மட்டும் படிக்கவில்லை.

கேட்டில் பித்தளைத் தகடு ஒன்று பளபளவென்று இருந்தது. இந்த வட்டாரத்தின் முதல் கிராம நர்ஸ் வாழ்ந்த வீடு என்று அதில் பொறித்திருந்தது. மனைவி அதை ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், அப்புறம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து தப்பிச்சு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"சிரிக்காதே. சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்" என்றார் தையற்காரர். வேறென்ன சொல்வார்?

வீட்டை விடுதியாக நடத்துகிற அம்மாள் நல்ல வாயாடி. கொண்டையில் செருகிய பேனாவோடு முன்னால் நடந்து வீட்டையெல்லாம் காட்டினாள். முதல் நர்ஸை இங்கே எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் சொல்வார்களாம். ரோடு இல்லாத காலத்தில் தன்னந்தனியாக வந்து இறங்கியவராம். முதலில் ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லையாம்.

"அப்புறம் எப்படி?" என்றாள் மனைவி.

"ஒரு ஆட்டுக்குக் கால் உடைஞ்சு கிடந்திருக்கு. அதத் தூக்கிட்டு வந்து குச்சி வெச்சுக் கட்டுப் போட்டிருக்காங்க. ஆடு நடந்துபோறதப் பாத்துட்டு மறுவாரம் ஆட்டுக்காரன் வந்தானாம், வீங்கின கட்டை விரலைத் தூக்கிக்கிட்டு!"

உத்தரத்தில் தொங்கிய குழந்தை எடை போடும் துணித் தொட்டில், ஊசி கொதிக்கவைத்த பாத்திரம், சங்கிலி அறுந்த சைக்கிள் எல்லாவற்றையும் மனைவி கண் கொட்டாமல் பார்த்தாள். "இந்தப் பாத்திரத்துல அடியில ஒரு துணி விரிச்சுத்தானே..." என்று ஆரம்பித்தவளைத் தையற்காரர் இருமி அடக்கினார். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சீருடைக்கு முன்னால் அவரே நின்றுவிட்டார். வலது பக்கப் பை நாலைந்து தடவை கிழிந்து நாலைந்து தடவை தைக்கப்பட்டிருந்தது. கத்தரிக்கோலும் கடிகாரமும் சேர்ந்து அறுக்கிற அதே இடம். தன் மனைவியின் சீருடையில் அந்த இடத்தை அவர் எத்தனை முறை தைத்திருப்பார்! ஆறு தையல் போட்டாலும் நிற்காது.

அறைக் கதவின் பின்னால் ஒரு அட்டை தொங்கியது. 'தயவுசெய்து கேட்டில் துணி காயப்போட வேண்டாம்.' வீட்டு அழகு கெட்டுவிடுமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்தார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் கையில் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைத் துண்டு. கொடிக்கம்பி நிழலில் கிடந்தது, வெயில் முழுக்கக் கேட்டில்தான் விழுந்தது. ஈரத் துண்டை அறைக்குள் போட்டால் மனைவி திட்டுவாள், கேட்டில் போட்டால் விடுதியம்மாள் திட்டுவாள். விடுதியம்மாள் திட்டினால் நாளையோடு போச்சு, மனைவி திட்டினால் ஆயுசுக்கும் வரும். துண்டை நன்றாக உதறிக் கேட்டில் விரித்துவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தார்.

ரொட்டியில் இரண்டு கடி கடித்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரியவர் கால் தாங்கித் தாங்கி வந்து சுவரோரப் பெஞ்சில் அமர்ந்தார். பின்னாலேயே காதைப் பொத்தி அழுகிற குழந்தையோடு ஒருத்தி. அதற்குப் பின்னால் ஒரு லாரி டிரைவர், லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு. ஒருவருக்கொருவர் தள்ளி இடம் கொடுத்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

விடுதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயையோ! கேட்டுல துண்டு போட்டது யாரு? சார், நீங்களா? அட்டையில எழுதி வெச்சிருக்கேனே!"

"ஒரு துண்டுதானேம்மா..."

"துண்டு தொங்கினா வீட்டுல சிஸ்டர் இருக்காங்கன்னு அர்த்தம் சார்! பெரிய சிஸ்டர் ஆரம்பிச்சு வெச்சது. அவங்களுக்கப்புறம் இங்க வந்த நர்ஸுங்களும் அப்படித்தான் போட்டாங்க. கிளினிக்கை டவுனுக்கு மாத்தி ஏதோ கொஞ்ச வருஷந்தான் ஆகுது. இவங்களுக்கு அது இன்னும் மறக்கல."

அவள் வெளியே போய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சிஸ்டர் யாரும் இல்லை, விருந்தாளி ஒருத்தர் தெரியாமல் போட்டுவிட்டார் என்றாள். பெரியவர் அசையவில்லை.

"அதான் துண்டு தொங்குதேம்மா. சிஸ்டர் சாப்பிட்டுட்டு மெதுவா வரட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

உள்ளே மனைவி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிடும்போதெல்லாம் அவள் தோள் ஒருமுறை துடித்தது.

"என்ன?" என்றார் தையற்காரர்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லல. முழுங்கவும் மாட்டேங்குறியே!"

"உங்க தலையில சத்தியம் பண்ணிருக்கேன்."

வெளியே குழந்தை மறுபடியும் அழுதது. தையற்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். மலை, கடல், இப்போது இது. "என் தலைதானே, நான் பாத்துக்கறேன். போ, போ தாயே. துண்டைப் போட்டவனே நான்தானே!"

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கை கழுவப் போய்விட்டாள்.

விடுதியம்மாளிடம் முதலுதவிப் பெட்டியும் பிரஷர் பார்க்கும் கருவியும் இருந்தன. மனைவி முதலில் குழந்தையைப் பார்த்தாள். காதுக்குள் வீங்கியிருந்தது. "எண்ணெய் கிண்ணெய் ஊத்தாதீங்க. மருந்து எழுதறது டாக்டர் வேலை. இன்னிக்கே டவுனுக்குக் கொண்டுபோங்க" என்றாள். லாரி டிரைவர் தானே ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னான். அவனுக்கு உள்ளங்கையில் கம்பி கிழித்த காயம். அதைக் கழுவிக் கட்டி, அவனுக்கும் அதே டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள். அதற்குள் சைக்கிளில் இரண்டு பேர், நடையில் மூன்று பேர். பெரியவரின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "செருப்பு கடிச்சதா, நீங்க செருப்பைக் கடிச்சீங்களா?" என்றாள். பெஞ்சே சிரித்தது.

தையற்காரர் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு மாதமாக வீட்டில் இவள் பொழுது போகாமல் அவருடைய நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். அந்த முகம் வேறு, இந்த முகம் வேறு. சந்தோஷமாகத்தான் இருந்தது அவருக்கு. கூடவே பொறாமையாகவும் இருந்தது. வந்தவர் ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். அந்த ஒரு நிமிஷம் அவர்கள் மட்டும்தான் அவளுக்கு உலகம். எனக்கு அப்படி ஒரு நிமிஷம் எப்போது கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. விறுவிறுவென்று போய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் முறை வந்தது.

"விளையாடாதீங்க, எந்திரிங்க."

"வரிசையில வந்தேன் சிஸ்டர்" என்று கையை நீட்டினார். பெரியவர், "ஆமாம்மா, முறைப்படிதான் வந்தாரு" என்று சாட்சி சொன்னார்.

அவள் சிரித்துக்கொண்டேதான் கையைப் பிடித்தாள். எண்ண ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தாள். அடுத்த கையிலும் பார்த்தாள்.

"தலைவலி இருக்கா?"

"ஊசியில நூல் கோக்குறவனுக்கு இல்லாமலா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அது அவருக்குத் தெரியாத குரல். "இருக்கு. ஆறு மாசமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அப்பல்லாம் நீ வந்ததும் படுத்துடுவே. நான் எந்திரிக்கிறப்ப டியூட்டிக்குப் போயிருப்பே. எப்ப சொல்றது? அப்புறம் சொல்லாமலே பழகிடுச்சு." அவர் தமாஷாகத்தான் சொன்னார். அவள் கண் நிறைந்துவிட்டது. "ஊர்ல இருக்கிறவன் கையெல்லாம் பிடிச்சேன். உங்க கையப் பிடிக்கலையே!" என்று எல்லோர் முன்னாலும் அழுதாள். பெரியவர் எழுந்து வந்து தையற்காரரின் முதுகைத் தட்டினார். "பயப்படாதீங்க தம்பி, எனக்கும் அதான். மாத்திரை குடுப்பாங்க. உப்புதான் போச்சு, மத்தபடி கல்லு மாதிரி இருக்கலாம்."

சாயங்காலம் ஊஞ்சல் நாற்காலியில் சண்டை மூண்டது. அதுவும் தலைகீழ்ச் சண்டை.

"திங்கக்கிழமை வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள் மனைவி.

இந்த வார்த்தைக்காகத்தானே மனுஷன் பஸ் ஏறியதே! ஆனால் வாயில் வந்தது வேறு. "போ, ஒத்துக்கோ."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"காலைல உன் முகத்தப் பாத்தேன்டி. வீட்டுல ஒரு மாசமா அந்த முகம் இல்ல. என் நூல்கண்டு பாவம், அதுக்காவது விமோசனம் கிடைக்கட்டும்."

"ராத்திரி டியூட்டிக்கு நான் போயிட்டா உங்களுக்கு யாரு பிரஷர் பாக்குறது?"

"போவேன்", "போகாதே" என்று அடித்துக்கொள்வதுதான் வழக்கம். இவர்கள் "போ", "போக மாட்டேன்" என்று அடித்துக்கொண்டார்கள். டீ கொண்டுவந்த விடுதியம்மாள் டம்ளரோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கேட்காத மாதிரி நடிக்கக்கூட இல்லை.

"நடுவுல பேசறேன்னு நெனச்சுக்காதீங்க. மாசத்துல ஒரு சனி, ஞாயிறு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்களேன். சிஸ்டர் பெஞ்சுல இருக்கட்டும், சார் ஊஞ்சல்ல இருக்கட்டும்."

"வாடகை?" என்றார் தையற்காரர், கெட்டிக்காரர்.

"துண்டு போடறவங்களுக்கு வாடகை கிடையாது சார்."

திங்கட்கிழமை காலை. வீட்டில் தையல் மிஷின்மேல் புது வெள்ளைத் துண்டு ஒன்று கிடந்தது. காற்றில் பறக்காமல் கேட்டில் மாட்ட, அதன் மூலையில் நாடா வைத்துத் தைத்திருந்தார். டாக்டரைப் பார்க்கப் போக இன்னும் நேரம் இருந்தது. மனைவி எதிரே ஸ்டூல் போட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரிதான்.

"போன் அடிக்குது" என்றார்.

"அடிக்கட்டும்."

"முக்கியமான போன்."

"பேசாதீங்க" என்றாள் அவள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எண்ணிட்டிருக்கேன்."