நாலு மாதக் குழந்தைக்கு அனுமதி

மஸ்கட் விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டு முடித்த பிறகுதான் கவுன்ட்டர் பெண் தலை நிமிர்ந்தாள்.

"குழந்தைக்கு அனுமதி எடுக்கலையே அக்கா."

ஓமான் நாட்டவர்களுக்கு லண்டன் போக விசா வேண்டாம். கிளம்புமுன் ஆன்லைனில் ஓர் அனுமதி எடுத்தால் போதும். ஸுவைனாவும் கணவன் கல்ஃபானும் எடுத்திருந்தார்கள். அவள் தோளில் தூங்கிய அஸ்ஸானுக்கு நாலு மாதம்.

"இவனுக்குமா? இவன் இன்னும் குப்புறக்கூட விழலையே."

"கைக்குழந்தைக்கும் வேணும். இல்லாம விமானத்துல ஏத்த மாட்டாங்க."

ஸுவைனா கணவன் பக்கம் திரும்பினாள்.

"மடியில வர்ற பிள்ளைக்குத் தனியா எதுக்குன்னு நெனச்சேன்," என்றான் கல்ஃபான்.

"நெனச்சீங்க. ஒரு வார்த்தை யாரையும் கேக்கல."

மறுநாள் காலை லண்டனில் அவள் தம்பி ஹுமைதுக்கு இதய அறுவை. சிகிச்சைக்கு அவன் போன பிறகுதான் அஸ்ஸான் பிறந்தான். போனிலேயே பெயர் வைத்த மாமன், பிள்ளையைத் தொட்டதில்லை.

"நீ மட்டும் போ. இவன நான் பாத்துக்கறேன்," என்றான் கல்ஃபான்.

"பாலும் நீங்களே குடுப்பீங்களா?"

கவுன்ட்டர் பெண் குனிந்து சிரிப்பை மறைத்தாள்.

தூண் ஓரம் தரையில் உட்கார்ந்து போனில் விண்ணப்பித்தார்கள். படம் எடுக்க ஸுவைனா குழந்தையைத் தன் வெள்ளைச் சால்வையில் கிடத்தினாள். கண் திறந்திருக்க வேண்டுமாம். எழுப்பினால் வீறிட்டான்; அழுகை நின்றால் கண் மூடினான். படத்தைப் போன் திரும்பத் திரும்ப மறுத்தது. ஒரு வழியாக ஏற்றுக்கொண்டதும் கேள்விகள் வந்தன.

"குற்ற வழக்குல தண்டனை வாங்கியிருக்காரான்னு கேக்குது," என்றான் கல்ஃபான். "பயங்கரவாதத்துல..."

"நேத்து ராத்திரி எங்க ரெண்டு பேரையும் தூங்க விடலன்னு எழுதுங்க. வேற குத்தம் இவன் பண்ணல."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். பதில் வரவில்லை. கவுன்ட்டர் பெண்ணே எழுந்து வந்து, "விமானக் கதவ மூடிட்டாங்க அக்கா," என்றாள். விமானத்திலிருந்து இறக்கிய பெட்டிகளோடு காரில் ஏறும்போது போன் ஒலித்தது. அனுமதி கிடைத்துவிட்டது.

வீடு வரை ஸுவைனா மனதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள். பெற்றவர்கள் இருவரையும் சரி என்றவர்களுக்கு, மடியில் கிடப்பவன் மேல் என்ன சந்தேகம்? எந்த ஊரைக் கவிழ்க்கப் போகிறான்?

அடுத்த நாள் விமானத்தில் போய் இறங்கியபோது அறுவை முடிந்திருந்தது. எல்லை அதிகாரி குழந்தையை அரைப் பார்வை பார்த்துவிட்டு அனுப்பினார்.

ஹுமைத் குழாய்களுக்கு நடுவே வெளுத்துக் கிடந்தான். பிழைத்துவிட்டான் என்றார் மருத்துவர். ஸுவைனா நடந்ததைக் கொட்டினாள்.

"சிரிக்க வைக்காத. தையல் இழுக்குது."

"நான் சிரிக்கச் சொல்லலடா."

பிறகு அவன் மெல்லச் சொன்னான்: "உள்ள தள்ளிட்டுப் போறப்ப கதவையே பாத்துட்டிருந்தேன். நீ வந்துடுவேன்னு."

யாரிடம் போய்க் கத்துவது? அந்தப் போனிடமா? குழந்தையை மெதுவாக அவன் கையருகே கிடத்தினாள். அஸ்ஸான் மாமனின் விரலைப் பிடித்துக்கொண்டான். ஹுமைத் கண் மூடிப் புன்னகைத்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.