சப்பாத்துத் தோல்

கட்டுகலையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கி மூன்று மாதமாகியிருந்தது. எவ்வளவு இறுக்கித் திருகினாலும் நிற்கவில்லை. சீமெந்துத் தரையில் பாசி பிடித்தது. யாரையாவது கூப்பிடலாம் என்று டொரதி சொன்னபோதெல்லாம் அவள் கணவன் மனுவேல் மறுத்தான். தன்னால் முடிந்த வேலைக்கு வெளியாள் எதற்கு என்பான். நாளைக்குச் செய்வதாகச் சொல்வான்.

மனுவேல் ஒரு தேயிலைக் கம்பனிக் கந்தோரில் பதினோரு வருடம் கிளாக்கராக இருந்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் தேயிலை விலை விழுந்தபோது கம்பனி ஆட்களைக் குறைத்தது. அதிலிருந்து டொரதியின் பள்ளிக்கூட வேலையில்தான் வீடு ஓடியது. அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டொரதி பாசியில் வழுக்கி விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. மனுவேல் எண்ணெய் தடவிவிட்டான். குழாயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவன் வெளியே போனதும் அவள் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் சித்தி றலியாவிடம் ஸ்பேனர் இரவல் வாங்கினாள். வாசலில் இருந்த பெரிய குழாயைத் திருகித் தண்ணீரை அடைத்துவிட்டு, வீங்கிய கையோடு குழாயின் தலையைக் கழற்றினாள். உள்ளே ஒழுக்கை அடைக்கும் தோல் வில்லை நைந்து கூழாகியிருந்தது. புதிதாக வெட்டத் தோல் தேடினாள். அலுமாரியின் அடித்தட்டில் மனுவேல் கந்தோருக்குக் காலில் போட்டுப்போன சப்பாத்து பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. ஒன்றரை வருடமாக அவன் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கயிற்றுக்குக் கீழே இருந்த நாக்குத் தோலைக் கத்தரித்தாள்.

தண்ணீர் நின்றது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மனுவேல் வந்து குழாயைத் திருகிப் பார்த்தான். தோல் எங்கே கிடைத்தது என்று கேட்டான். அவள் மறைக்கவில்லை. அவன் சப்பாத்தை எடுத்துவந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"இனிமே எனக்கு வேலை கெடைக்காதுன்னு முடிவு பண்ணிட்டியா, டொரதி?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் கை வலித்தது.

"உங்களுக்கு அந்த நம்பிக்க இருந்திருந்தா அதுல பூஞ்சணம் பிடிச்சிருக்காது," என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவன் அந்தக் குளியலறைக்குள் போகவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையில் பொதுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய், கூலியாட்களோடு வரிசையில் நின்று குளித்தான். டொரதி பள்ளிக்கூடம் போகும் நேரமும் அதுதான். அவள் கடந்து போகும்போது அவன் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நிற்பான். சம்பாதிக்கிறவள் புருஷனை வீட்டில் குளிக்கவும் விடுவதில்லை என்று தெருவில் பேச்சு. சித்தி றலியாதான் அதை வந்து சொன்னாள்.

டொரதி ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாள். அவன் தலையாட்டினான். மறுநாளும் பீலிக்கே போனான்.

அடுத்த வருடம் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவனுக்குக் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது. குடும்பத்தோடு தங்க வீடு தருவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை அவள் பார்க்கும்படி மேசையில் விரித்து வைத்துவிட்டு, மனுவேல் தனியாகப் பஸ் ஏறினான்.